மூலிகை எண்ணெய் காய்ச்சுதல்

இலை, வேர், பட்டை, பூ ஆகியவற்றின் சாரத்தை நல்லெண்ணெயிலோ தேங்காய் எண்ணெயிலோ இறக்கி எடுப்பது மூலிகை எண்ணெய். சித்த, ஆயுர்வேத நூல்கள் இதைத் தைலம் என்கின்றன. வீடுகளில் ‘காய்ச்சின எண்ணெய்’ என்றாலே புரிந்துவிடும். தலைக்குக் கரிசலாங்கண்ணியும் கறிவேப்பிலையும், மூட்டு வலிக்கு நொச்சி, சளிக்கு ஓமவல்லி என்று வீட்டுக்கு வீடு ஒரு கைப்பக்குவம் உண்டு. சேர்க்கும் பொருள் எதுவானாலும் எண்ணெய் தேறுவதும் கெடுவதும் ஈரத்தைப் பொறுத்ததே.

செடியில் உள்ள எல்லாம் எண்ணெயில் இறங்கிவிடாது. வேம்பாளம்பட்டையை நீரில் போட்டால் பெரிதாக ஒன்றும் நடக்காது. தேங்காய் எண்ணெயில் போட்டால் அடுப்பே இல்லாமல் எண்ணெய் செக்கச்சிவந்துவிடும். அதன் சாயம் நீரில் கரையாமல் எண்ணெயில் கரையும் இனம். இலைப் பச்சையும் துளசி, ஓமவல்லி போன்றவற்றின் வாசனைப் பொருள்களும் அப்படித்தான். செம்பருத்தி இலையின் கொழகொழப்பும் நெல்லிக்காயின் வைட்டமின் சி-யும் நீரோடு சேர்ந்தவை. அவற்றை எண்ணெய்க்குள் தேடுவதைவிட, இலையை அரைத்து நேரே தலையில் தேய்ப்பதே பலன் தரும்.

காய்ச்சுவதற்கு ஆயுர்வேத நூலான சாரங்கதர சங்கிதை தரும் அளவு எளிமையானது: அரைத்த விழுது 1 பங்கு, எண்ணெய் 4 பங்கு, சாறு அல்லது கஷாயம் 16 பங்கு. இவ்வளவு நீரா என்று தோன்றும். சட்டியில் நீர் இருக்கும்வரை எண்ணெயின் சூடு 100 டிகிரியைப் பெரிதாகத் தாண்டாது. அந்த மிதமான சூட்டில் விழுது நெடுநேரம் வெந்து சாரத்தை விடுகிறது. நீர் தீர்ந்ததும் சூடு மளமளவென ஏறும். இலை கருகுவது அப்போதுதான். எனவே கடைசிக் கட்டத்தில் தீயைத் தணித்து, சட்டியை விட்டு நகராமல் கிளறுவது அவசியம்.

பதம் பார்க்கத் தெர்மாமீட்டர் வேண்டியதில்லை. சடசடப்பு அடங்கும்; எண்ணெயின் மேல் நுரை கூடும். அடியில் உள்ள விழுதை எடுத்து விரல்களுக்கிடையே உருட்டினால் முதலில் சேறாகவும், பிறகு மெழுகுபோலத் திரியாகவும், கடைசியில் மணலாகவும் மாறும். மேலே தேய்க்கும் எண்ணெய்க்கு மணற்பதம் வரை போகலாம். திரியாக உருண்டதைத் தீயில் காட்டினால் சத்தமில்லாமல் எரிய வேண்டும். ‘பட்’டென்று வெடித்தால் உள்ளே நீர் மிச்சம். செலவில்லாத இந்தச் சோதனையைப் போல நம்பகமான இன்னொன்று சமையலறையில் இல்லை.

இரும்புச் சட்டியில் காய்ச்சினால் நெல்லி, கடுக்காய் போன்றவற்றின் துவர்ப்புச் சத்து இரும்போடு சேர்ந்து எண்ணெய் கறுக்கும். அந்தக் கறுப்பை மூலிகையின் வீரியம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

அடுப்பு ஏறாத எண்ணெய்க்கு வெட்பாலை நல்ல சான்று. ஒரு காலத்தில் நீலச் சாயம் எடுக்கப் பயன்பட்ட மரம் இது. இலையைக் கிள்ளித் தேங்காய் எண்ணெயில் போட்டுச் சில நாள் வெயிலில் வைத்தால் எண்ணெய் ஊதா நிறமாகும். சொரியாசிஸ் என்னும் செதில் நோய்க்குச் சித்த மருத்துவர்கள் தரும் எண்ணெய் இதுதான். வெயிலில் வைக்கும்போது பாட்டிலை இறுக மூடாமல் மெல்லிய துணி கட்டுவது நல்லது. இலையின் ஈரம் வெளியேற வழி வேண்டும்.

ஈரம் தங்கிய எண்ணெயில் பூசணம் பிடிக்கும், சிக்கு வாடை வரும். உண்ணும் எண்ணெயானால் ஆபத்து பெரிது. 1985-இல் கனடாவின் வான்கூவர் நகரில், எண்ணெயில் ஊறிய நறுக்கிய பூண்டைச் சாப்பிட்ட 36 பேருக்கு பாட்டுலிசம் என்னும் நரம்பு நச்சுநோய் வந்தது. மண்ணிலிருந்து பூண்டோடு வரும் கிருமியின் வித்துகள், காற்றுப் புகாத எண்ணெய்க்குள் பூண்டின் ஈரத்தில் விழித்துப் பெருகி நஞ்சைச் சுரக்கின்றன. சுவையிலும் மணத்திலும் அது தெரியாமல் போகலாம். பச்சைப் பூண்டு, பச்சை மிளகாய் போட்ட எண்ணெயைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்துச் சில நாளுக்குள் தீர்த்துவிட வேண்டும்.

டிங்சர் எனப்படும் சாராயச் சாறு வேறு வழியில் போகிறது. மேலை நாட்டு வீடுகளில் உலர்ந்த மூலிகை ஒரு பங்குக்கு, 40 விழுக்காடோ அதற்கு மேலோ சாராயம் உள்ள வோட்கா 5 பங்கு ஊற்றி, நான்கு முதல் ஆறு வாரம் குலுக்கிக் குலுக்கி வைத்து வடிகட்டுகிறார்கள். நீரில் கரைவதும் பிசினும் ஒருசேர அதில் இறங்கும். நம் மருந்து மரபில் இதற்கு அருகில் நிற்பவை அரிஷ்டமும் ஆசவமும். அவற்றில் சாராயத்தை வெளியிலிருந்து ஊற்றுவதில்லை, நொதித்து அதுவே உண்டாகிறது. வாங்கிய இடம் தெரியாத ஸ்பிரிட்டை டிங்சருக்குத் தொடவே கூடாது. 2024-இல் கள்ளக்குறிச்சியில் 60க்கும் மேற்பட்டோரின் உயிரைக் குடித்தது கள்ளச்சாராயத்தில் இருந்த மெத்தனால்.

வீட்டில் காய்ச்சும் எண்ணெய் குழந்தைகளின் உடம்புக்கும் போய்ச் சேருகிறது. சளிக்குக் கற்பூரம் கரைத்த தேங்காய் எண்ணெயைக் கைக்குழந்தையின் மார்பில் தடவுவது வழக்கமாக இருக்கிறது. கற்பூரம் தோல் வழியாகவும் உள்ளே போகும், அளவு மிஞ்சினால் வலிப்பு வரும். அமெரிக்காவில் மேற்பூச்சு மருந்துகளில் 11 விழுக்காட்டுக்கு மேல் கற்பூரம் சேர்க்க அனுமதி இல்லை. எண்ணெய்க் குளியலின்போது குழந்தையின் மூக்கில் எண்ணெய் விடுவது இதைவிடக் கேடு. அந்த எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி ஒருவகை நிமோனியாவை உண்டாக்குகிறது. அதற்கு நல்லெண்ணெய், தேங்காய் எண்ணெய், தைலம் எல்லாம் ஒன்றுதான்.