அமெரிக்கப் பண்ணைகளில் மின்பெட்டியும் டிரெய்லரும்

அமெரிக்க ஐக்கிய நாட்டின் பண்ணை வீடுகளில் மின்பெட்டியின் கொள்திறன் படிப்படியாக உயர்த்தப்பட்டது. அதே காலத்தில் கனரக டிரெய்லர்களை விவசாயிகளே செய்யவும் மாற்றியமைக்கவும் தொடங்கினர். தொடர்பில்லாதவை போலத் தோன்றும் இந்த இரண்டையும் இணைத்தது மின் வெல்டிங் இயந்திரம். மின்சாரம் வந்த பிறகே பண்ணைக் கொட்டகை பட்டறையானது. பட்டறையின் தேவையே பல வீடுகளில் மின்பெட்டியை மாற்ற வைத்தது.

மின்கம்பி வந்த காலம்

1930களின் நடுப்பகுதியில் அமெரிக்க நகர வீடுகளில் பெரும்பாலானவற்றில் மின்விளக்கு எரிந்தது. பண்ணைகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்றுக்கே மின் இணைப்பு இருந்தது. ஒரு மைலுக்கு இரண்டு மூன்று வீடுகளே உள்ள இடங்களில் கம்பி இழுப்பது லாபம் தராது எனத் தனியார் மின் நிறுவனங்கள் கருதின. வசதியுள்ள சில விவசாயிகள் 1916 முதல் விற்பனைக்கு வந்த டெல்கோ லைட் போன்ற 32 வோல்ட் மின்னாக்கிகளையும் பேட்டரிகளையும் வைத்திருந்தனர். அவை விளக்குக்கும் சிறிய மோட்டாருக்கும் மட்டுமே போதுமானவை.

1935 மே 11 அன்று அதிபர் ஃபிராங்க்ளின் ரூசவெல்ட் கிராம மின்மயமாக்கல் நிர்வாகத்தை ஓர் ஆணையின் மூலம் நிறுவினார். மறு ஆண்டு நாடாளுமன்றம் அதற்கான சட்டத்தை இயற்றியது. விவசாயிகள் கூட்டுறவுச் சங்கங்கள் அமைத்து, அரசிடம் குறைந்த வட்டிக்குக் கடன் பெற்று, தாங்களே கம்பி இழுத்தனர். வீட்டினுள் வயரிங் செய்யவும் கடன் கிடைத்தது. 1950களின் தொடக்கத்தில் பத்துப் பண்ணைகளில் ஒன்பது அளவுக்கு மின்சாரம் சென்றடைந்தது.

60 ஆம்பியர் பெட்டி

இரண்டாம் உலகப்போருக்குப் பின் இத்திட்டத்தில் ஒரு வீட்டுக்கு வழக்கமாகக் கிடைத்தது 60 ஆம்பியர், 230 வோல்ட் ஃபியூஸ் பெட்டி. அதில் மின் அடுப்புக்கு ஓர் இணைப்பு, சமையலறைக்கு 20 ஆம்பியர் இணைப்பு ஒன்று, விளக்குகளுக்கு 15 ஆம்பியர் இணைப்புகள் இரண்டு அல்லது மூன்று இருந்தன. அறைக்கு ஒரு விளக்கும், அதிகபட்சம் ஒரு பிளக் பாயிண்டும் பொருத்தப்பட்டன. மண்ணெண்ணெய் விளக்கில் வாழ்ந்த குடும்பத்துக்கு இதுவே பெரிய மாற்றம்.

ஆனால் பண்ணையின் தேவை வீட்டோடு முடியவில்லை. கிணற்று மோட்டார், பால் கறக்கும் இயந்திரம், பால் குளிர்விப்பான், தானிய உலர்த்தி என ஒவ்வொன்றாகச் சேர்ந்தன. பல பண்ணைகளில் முற்றத்தின் நடுவே ஒரு கம்பம் நட்டு, மீட்டரை அதில் வைத்து, வீடு, தொழுவம், கிணறு ஆகியவற்றுக்குத் தனித்தனிக் கம்பிகள் பிரிக்கப்பட்டன. வீட்டுப் பெட்டியின் மீது எல்லாச் சுமையும் விழாமலிருக்க இந்த ஏற்பாடு உதவியது.

சுமை கூடியபோது ஃபியூஸ் அடிக்கடி உருகியது. சிலர் 15 ஆம்பியர் ஃபியூஸ் இருந்த இடத்தில் 30 ஆம்பியர் ஃபியூஸைத் திருகினர். சிலர் ஃபியூஸுக்குப் பின்னால் செப்புக் காசை வைத்தனர். அதன்பின் ஃபியூஸ் உருகவில்லை. சுவருக்குள் இருந்த வயர் சூடேறியது. இதைத் தடுக்கவே, ஒவ்வொரு ஆம்பியர் அளவுக்கும் வெவ்வேறு மரையுள்ள 'எஸ்' வகை ஃபியூஸ்கள் வந்தன.

வெல்டிங்கும் டிரெய்லரும்

1932இல் ஆலிஸ் சால்மர்ஸ் நிறுவனம் காற்றடைத்த ரப்பர் டயர் பூட்டிய டிராக்டரை அறிமுகப்படுத்தியது. இரும்புச் சக்கரம் பூட்டிய பழைய குதிரை வண்டிகள் அதன் வேகத்துக்கு ஈடு கொடுக்கவில்லை. விவசாயிகள் பழைய கார்களின் அச்சுகளையும் லாரிகளின் சட்டங்களையும் எடுத்து டிரெய்லர்களாக மாற்றினர். 1942இல் போரின் காரணமாகப் பண்ணை இயந்திரங்களுக்குப் பங்கீடு வந்ததும், இருப்பதைச் சீர்செய்து ஓட்டுவது கட்டாயமாயிற்று.

வெல்டிங் இதற்கு ஏற்ற கருவியாக இருந்தது. கிராமத்து மின்மாற்றிகள் சிறியவை என்பதால், மின் உள்ளீடு கட்டுப்படுத்தப்பட்ட 180 ஆம்பியர் வெல்டிங் இயந்திரங்கள் பண்ணைகளுக்கென்றே தயாரிக்கப்பட்டன. உயர்நிலைப் பள்ளிகளின் வேளாண் தொழிற்கல்வி வகுப்புகள் மாணவர்களுக்கு வெல்டிங் கற்பித்தன.

பின்னர் பரவலான 225 ஆம்பியர் வகை, முழுத் திறனில் இயங்கும்போது 230 வோல்ட்டில் சுமார் 50 ஆம்பியர் இழுத்தது. 60 ஆம்பியர் பெட்டியுள்ள வீட்டில் அது ஓடும்போது சமையலுக்கும் கிணற்று மோட்டாருக்கும் மிஞ்சியது 10 ஆம்பியர் மட்டுமே. பெட்டியை 100, பிறகு 200 ஆம்பியராக உயர்த்தத் தூண்டிய காரணங்களில் பட்டறையும் ஒன்று. ஃபியூஸுக்குப் பதில் சர்க்யூட் பிரேக்கர்கள் வந்தன. இன்றைய தேசிய மின் விதித்தொகுப்பு தனி வீட்டுக்குக் குறைந்தபட்சம் 100 ஆம்பியர் இணைப்பைக் கோருகிறது.

டிரெய்லர்களும் கனத்தன. ஓர் அச்சு இருந்த இடத்தில் இரண்டு அச்சுகள் வந்தன. இழுத்துச் செல்லும் வீடுகளின் இரும்புச் சட்டங்கள் உலர்புல் கட்டுகள் ஏற்றும் வண்டிகளாயின. சுமையைப் பிக்கப் வண்டியின் பின்னச்சுக்கு மேல் இறக்கும் கூஸ்நெக் இணைப்பு, பின்முனைக் கொக்கியைவிடக் கூடுதல் எடையைத் தாங்கியது.

தாங்கும் எல்லை

இவ்விரு மாற்றங்களிலும் ஒரே வகைத் தவறு ஆபத்தை விளைவித்தது. பெட்டியை மட்டும் 200 ஆம்பியராக மாற்றினால் 200 ஆம்பியர் கிடைக்காது. கம்பத்திலிருந்து வரும் கம்பி, மீட்டர் அடித்தளம், உள்நுழையும் கேபிள் ஆகிய யாவும் அதற்கேற்ற அளவில் இருக்க வேண்டும். புவி இணைப்பும் சரியாக இருக்க வேண்டும். அதேபோல், சட்டத்தில் கூடுதல் இரும்பை வெல்டு செய்வதால் மட்டும் டிரெய்லரின் கொள்ளளவு உயர்வதில்லை. அச்சு, டயர், கொக்கி, பிரேக் ஆகியவற்றுள் எது மிகக் குறைவாகத் தாங்குமோ, அதுவே முழு வண்டியின் எல்லை. சேர்த்த இரும்பின் எடையும் அந்த எல்லைக்குள்ளேயே அடங்கும்.

சட்டம் இதை முழுமையாகக் கட்டுப்படுத்தவில்லை. 1986ஆம் ஆண்டின் வணிக வாகனப் பாதுகாப்புச் சட்டத்தின்படி, 26,001 பவுண்டு அல்லது அதற்கு மேல் மதிப்பிடப்பட்ட கனரக வாகனங்களை ஓட்டத் தனி உரிமம் வேண்டும். ஆனால் பண்ணையிலிருந்து 150 மைலுக்குள் தம் விளைபொருளை ஏற்றிச் செல்லும் விவசாயிகளுக்கு விலக்களிக்க மாநிலங்கள் அனுமதிக்கப்பட்டன. 2012ஆம் ஆண்டுச் சட்டம் பண்ணை வாகனங்களுக்கான விலக்குகளை மேலும் விரிவாக்கியது. அறுவடைக் காலத்தில் தானியத்தைச் சந்தைக்குக் கொண்டுசெல்ல இவ்விலக்கு பயன்பட்டது. எனினும், எவ்வளவு ஏற்றலாம் என்று கணக்கிடும் பொறுப்பு வண்டியை வெல்டு செய்தவரிடமே பெரும்பாலும் விடப்பட்டது. அந்த வண்டி ஓடியது பொதுச் சாலையில் என்பதால், கணக்கு பிழைத்தால் பாதிப்பு அவரோடு நிற்கவில்லை.