கடலேறிய பூச்சித் தூண்டில்

நன்னீர் ஓடைகளில் டிரவுட் மீனைப் பிடிப்பதற்கென ஐரோப்பாவில் வளர்ந்த பூச்சித் தூண்டில் முறை, கடலில் தனித் துறையாக நிலைபெற்றது இருபதாம் நூற்றாண்டில்தான். தூண்டில் முள்ளின்மேல் இறகையும் மயிரையும் நூலால் கட்டிச் செய்யும் போலிப் பூச்சிக்குப் பெரிதாக எடை இல்லை. ஆதலால் எடையுள்ள கயிற்றை முன்னும் பின்னும் வீசி, அதன் விசையால் பூச்சியை மீனுக்கருகே இறக்குவர். 1496இல் இங்கிலாந்தில் அச்சான தூண்டில் நூலொன்றிலேயே இவ்வகைப் பூச்சிகளைக் கட்டும் முறை விளக்கப்பட்டுள்ளது.

இம்முறை கடலில் வேரூன்றிய இடங்களுள் தலையாயது, அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத் தென்முனையிலுள்ள கீஸ் தீவுக்கூட்டம். அங்கே முழங்காலளவு நீர் நிற்கும் புல்தரைகளுக்கு, ஏற்றநீரோடு வரும் போன்ஃபிஷ் என்னும் வெள்ளிநிற மீன், தலையைக் கவிழ்த்து இறாலையும் நண்டையும் கிளறித் தின்னும்போது அதன் வால் நீருக்குமேல் மின்னும். வழிகாட்டி நீண்ட கழியை ஊன்றிப் படகை ஓசையின்றித் தள்ள, தூண்டிற்காரர் மீனைக் கண்ட பின்னரே கயிற்றை வீசுவார். டிரவுட் பிடிப்பில் தேர்ந்த ஜோ புரூக்ஸ், 1947இல் அத்தீவுகளிலுள்ள ஐலமொராடாவின் வழிகாட்டி ஜிம்மி ஆல்பிரைட்டின் துணையுடன் இம்மீனைப் பூச்சித் தூண்டிலில் பிடித்ததும், 1950இல் கடல் பூச்சித் தூண்டிலைப் பற்றித் தனிநூல் எழுதியதும் இத்துறையைப் பலரறியச் செய்தன.

ஆயினும் ஓடையில் தேர்ந்த கையே கடலில் இடைஞ்சலாயிற்று. டிரவுட் பூச்சியைக் கவ்வியதும் தூண்டிற்கழியின் நுனியை உயர்த்துவது ஓடை வழக்கம். கடலிலோ அவ்வாறு உயர்த்தினால் பூச்சி மீனின் வாயிலிருந்து விலகிவிடும் என்பதால், கழியை மீனை நோக்கி நீட்டியபடியே கயிற்றைக் கையால் இழுத்து முள்ளைப் பதிக்க வேண்டும். பல ஆண்டுப் பழக்கத்தை ஒரு நொடியில் மறக்க இயலாத வல்லுநர், முதல் மீனை இழந்து வழிகாட்டியின் முன் விழிப்பது வாடிக்கை. முள் பதிந்த பின்னும் நிம்மதியில்லை. மீன் பாய்ந்தோடும் வேகத்தில் காலடியில் கிடக்கும் கயிறு செருப்பிலோ பொத்தானிலோ சிக்கும், சுழலும் கயிற்றுருளையின் கைப்பிடி விரல் மூட்டைப் பதம் பார்க்கும். நூறு பவுண்டுக்கும் மேல் எடை கொள்ளும் டார்பன் துள்ளும்போதோ, கயிறு அறாதிருக்கக் கழியைத் தாழ்த்தித் தளர்வு கொடுக்க வேண்டும். ‘வெள்ளி அரசன்’ என்பது அம்மீனின் பட்டப்பெயராதலால், இச்செயலை அரசனை வணங்குதல் என்றே தூண்டிற்காரர் வேடிக்கையாகக் குறிப்பர்.

கை பழகியதைப் போலவே பூச்சியும் உருமாறிற்று. புரூக்ஸிடம் பயின்றவரும் நகைச்சுவைப் பேச்சுக்குப் பெயர்பெற்றவருமான லெஃப்டி கிரே, 1950களின் பிற்பகுதியில் செசபீக் விரிகுடாவின் வரிக்கோட்டு பாஸ் மீனுக்காக ‘டிசீவர்’ என்பதை உருவாக்கினார். ‘ஏமாற்றி’ எனப் பொருள்படும் அது போல்வது பூச்சியையன்று, பெரிய மீன் விழுங்கும் சிறுமீனையே. 1991இல் அமெரிக்க அஞ்சல்துறை தூண்டில் பூச்சிகளுக்கென வெளியிட்ட ஐந்து அஞ்சல்தலைகளில் டிசீவரும் டார்பனுக்கான மற்றொன்றும் இடம்பெற்றன. ஓடையில் பிறந்த கலையின் அடையாள வரிசையில், பூச்சியே அல்லாத கடற்பூச்சிகளுக்கும் அவ்வாறு இடம் கிடைத்தது.