பல்பை உடைத்துக் காட்டிய முதலாளி

சிரிச்சுட்டு வரலாம்னுதான் காமெடி நாடகத்துக்குப் போறோம். முன்சீட்டுக்காரர் தலை மறைக்குமாங்கறதைத் தவிர பெரிய கவலை எதுவும் கிடையாது. 1881-ல லண்டன்ல பாட்டும் கூத்துமா ஒரு காமிக் ஓபரா பார்க்கக் கிளம்பினவருக்கு இன்னொரு கவலையும் இருந்திருக்கும். பத்திரமா வீடு திரும்புவோமா? மிகைப்படுத்தலைங்க!

காரணம், கேஸ் விளக்கு. அந்தக் காலத் தியேட்டர்ல மேடைக்கும் சரி, ஜனங்க உட்கார்ற கூடத்துக்கும் சரி, நிலக்கரி வாயுவில் எரியற சுடர்தான் வெளிச்சம். பக்கத்துலயே வண்ணம் தீட்டிய துணித்திரை, மரச்சட்டம், மெல்லிய மஸ்லின் உடைகள். பாரிஸ் ஓபராவின் நடனமணி எம்மா லிவ்ரி 1862-ல ஒத்திகை பார்க்கும்போது பாவாடை சுடரில் பட்டுத் தீப்பிடிச்சது. எட்டு மாசம் போராடி, இருபது வயசுலயே இறந்துபோனார். விபத்து நடக்காத நாள்லயும் வெக்கை தாங்காது. சூடு மேலதானே ஏறும்? மலிவு டிக்கெட் வாங்கி மேல்மாடியில உட்கார்ந்தவன் வெந்துதான் நாடகம் பார்க்கணும்.

சரி, மேட்டருக்கு வருவோம். கில்பர்ட் வசனமும் பாட்டும் எழுத, சல்லிவன் இசையமைக்க, அந்த ஜோடியை வெச்சு நாடகம் போட்டவர் ரிச்சர்ட் டாய்லி கார்ட். வந்த லாபத்துல ஸ்ட்ராண்ட் பக்கத்துல சவாய் தியேட்டரைக் கட்டினார். 1881 அக்டோபர் 10 திறப்பு விழா. நாடகம் 'பேஷன்ஸ்'. அழகியல் பித்துப் பிடிச்ச கவிஞர்களையும், அவங்க பின்னாடி அலையற பெண்களையும் கிண்டலடிக்கற கதை.

ஆனா அன்னிக்கு நிஜ ஹீரோ விளக்குதான். ஜோசப் ஸ்வானின் பல்புகள், சுமார் 1200. பக்கத்துக் காலிமனையில நீராவி எஞ்சின், சீமென்ஸ் ஜெனரேட்டர். முழுக்க மின்விளக்கு போட்ட உலகின் முதல் பொதுக்கட்டிடம்னு வரலாற்றில் இடம் பிடிச்சது சவாய்.

ஆனா அந்த 'முழுக்க' முதல் நாளே நடந்துடலை. ஜெனரேட்டர் சக்தி போதாம, கூடத்துக்கு மட்டும்தான் மின்சாரம். மேடையில பழைய கேஸ்தான். கூடத்துலயும் மின்சாரம் கைவிட்டா சமாளிக்க கேஸ் குழாய் தயாரா இருந்தது. புதுசை ஒரே நாள்ல மொத்தமா இறக்காதே, பழசுக்குத் திரும்ப வழி வைன்னு எங்க டீம்ல ஒவ்வொரு ரிலீஸுக்கும் ஓதுவோம். கார்ட் 1881-லயே செஞ்சிருக்கார் :-)

இதுக்கு நடுவுல, டிசம்பர் 8-ம் தேதி, வியன்னாவின் ரிங் தியேட்டர். முதல்ல அதுக்கு இருந்த பேரே 'காமிக் ஓபரா'தான். அன்னிக்கு ஆஃபன்பாக்கின் ஓபரா. திரை தூக்கறதுக்கு முன்னாடியே மேடை விளக்கைப் பத்த வைக்கறப்ப கசிஞ்ச வாயு குப்புனு பிடிச்சது. வெடிச்சுடுமோன்னு பயந்து கேஸை நிறுத்த, கட்டிடமே இருட்டாயிடுச்சு. அவசரத்துக்குன்னு மாட்டி வெச்சிருந்த எண்ணெய் விளக்குகளை யாருமே ஏத்தி வைக்கலை. கதவுகளோ உள்பக்கமா திறக்கிற கதவுகள். அரசுக் கணக்குப்படி இறந்தவங்க 384 பேர்.

இருபது நாள் கழிச்சு, டிசம்பர் 28. சவாய் மேடைக்கும் மின்சாரம் வந்தது. கார்ட் மேடையேறினார். எரியற பல்பு ஒண்ணை மஸ்லின் துணியில சுத்தி, எல்லார் கண்ணெதிரிலயும் உடைச்சார். பல்பு அணைஞ்சது. துணி கருகக்கூட இல்லை! கண்ணாடி உடைஞ்சதும் காற்று புகுந்து, உள்ளே இருக்கற கார்பன் இழை அந்தக் கணமே எரிஞ்சு தீர்ந்துடும்; அவ்வளவுதான் விஷயம். அந்த மாசம் வியன்னா செய்தி படிச்சுட்டு வந்து உட்கார்ந்திருந்தவனுக்கு, பத்து பக்க விளக்கத்தைவிட அந்த ஒரு 'டப்' போதும்.

அடுத்த வருஷம், 1882 நவம்பர் 25, 'அயோலாந்தே' அரங்கேற்றம். தேவதைகளா நடிச்சவங்க தலையில பேட்டரியில எரியற குட்டி விளக்குகள். இருபது வருஷம் முன்னாடி ஒரு சுடரால எம்மா லிவ்ரி உயிர் போச்சு. இப்போ விளக்கைத் தலையிலயே வெச்சுக்கிட்டு ஆடறாங்க!

இதோட சுபம் போட்டிருக்கலாம். ஆனா சவாயை வடிவமைச்ச சி. ஜே. ஃபிப்ஸ்தான் எக்ஸிட்டர் நகரத்து தியேட்டர் ராயலையும் வடிவமைச்சார். 1886-ல திறந்தாங்க. அங்கே கேஸ் விளக்கு. 1887 செப்டம்பர் 5 அன்னிக்கு மேடைத்திரையில தீப்பிடிச்சு 186 பேர் இறந்தாங்க. பெரும்பாலும் மேல்மாடி மலிவு டிக்கெட்காரங்க. பல்பு வந்திருந்தா தீ பிடிச்சிருக்காது. படிக்கட்டு ஒழுங்கா இருந்திருந்தா தீ பிடிச்சும் பிழைச்சிருப்பாங்க. ரெண்டுமே இல்லை. விடை என்னவோ அதே ஆள் அஞ்சு வருஷம் முன்னாடி கட்டின தியேட்டர்லயே எரிஞ்சுட்டு இருந்தது.

அடுத்த தடவை தியேட்டர்ல விளக்கணைச்சதும், கதவு மேல மினுக்கிட்டு இருக்கற 'வெளியே' போர்டை ஒரு நிமிஷம் பாருங்க. வியன்னாவில் யாரும் ஏத்தாம விட்ட எண்ணெய் விளக்கு அதுதான்.