வாங்குறதுக்கு முன்னால கேட்ட கேள்விகள்

வீட்டுக்குள்ள புதுசா ஒரு பொருள் வரப்போகுதுன்னா நம்ம ஆக்கள் கேள்வி கேக்காம விடமாட்டாங்க. கரண்ட் எவ்வளவு இழுக்கும்? ஒருதரம் காசு கொடுத்தாப் போதுமா, மாசா மாசம் கட்டணுமா? மழைக்கு வேலை செய்யுமா? பழுதானா கண்டியில செய்வாங்களா, கொழும்புக்கு அனுப்பணுமா? தமிழ் விளங்குமா?

ஸ்டார்லிங்க் விஷயத்திலயும் இதுதான் நடந்துச்சு. 2024 ஆகஸ்ட்டில் இலங்கையில் அதுக்கு அனுமதிப்பத்திரம் கிடைத்தது. சேவை தொடங்கியது 2025 ஜூலையில். இடைப்பட்ட காலத்தில் வத்தேகமயில் நாங்க பேசிக்கிட்டதெல்லாம் மேலே சொன்ன கேள்விகள்தான். வானம் மறைக்காம இருந்தாத்தான் அந்தத் தட்டு ஒழுங்கா வேலை செய்யும். அப்போ மலையடிவாரத்துல, நாலு பக்கமும் மரம் நிக்கிற வீட்டுல என்ன செய்றது? விலை தெரிஞ்ச பிறகு இன்னொரு கேள்வியும் சேர்ந்துச்சு. கருவி மட்டும் ஒரு லட்சத்துக்கு மேல, மாசக் கட்டணம் பத்தாயிரத்துக்கு மேல. 2024 கடைசியில் தோட்டத் தொழிலாளியின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபாய். ஒரு மாசக் கட்டணத்துக்கு ஒரு கிழமைச் சம்பளம் பத்தாது.

இப்படிக் கேக்கிறவங்களை 'டெக்னாலஜி தெரியாதவங்க' என்று ஒதுக்கிவிடுறது லேசு. ஆனா ரேடியோ காலத்தில இருந்து பார்த்தா, நூறு வருஷமா இதே கேள்விகள் வேற வேற உருவத்தில் வந்துக்கிட்டே இருக்கு. அந்த வரலாற்றில் முக்கியமான ஒரு கட்டம் நடந்தது கண்டிக்குத் தெற்கே, கொத்மலையில். இன்டர்நெட்டை வீட்டில் பார்த்தே இராத ஆக்கள், வீட்டில் இருந்தபடியே இன்டர்நெட்டிடம் கேள்வி கேட்ட கதை அது. அதுக்கு முன்னால கொஞ்சம் பின்னுக்குப் போகணும்.

1923இல் கொழும்பு மத்திய தந்தி அலுவலகத்தில் எட்வர்ட் ஹார்ப்பர் என்ற பொறியியலாளர் ஒலிபரப்புச் சோதனைகளைத் தொடங்கினார். 1925 டிசம்பரில் அது முறையான ஒலிபரப்பாக மாறியது. வானொலிப் பெட்டியைக் காசு கொடுத்து வாங்கினாலும் அது முழுசா நம்முடையதாகிவிடவில்லை. வீட்டில் வைத்திருக்க லைசன்ஸ் எடுக்கணும், அதுக்கும் காசு கட்டணும். 'வாங்கினதுக்குப் பிறகும் கட்டணுமா?' என்ற கேள்விக்கு அவ்வளவு வயசு.

அடுத்து டீவி. 1979இல் ஐ.டி.என்., 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி. டீவி வந்துவிட்டது, ஆனா கரண்ட் வராத வீடுகள் நாடு முழுக்க ஏராளம். 'கரண்ட் இல்லாம ஓடுமா?' என்று கேட்டவங்களே அதுக்கு வழியும் கண்டுபிடிச்சாங்க. கார் பெட்டரியில் டீவியை மாட்டினாங்க. சார்ஜ் இறங்கினா பெட்டரியைத் தூக்கிக்கிட்டு டவுனுக்குப் போய் ஏத்திக்கிட்டு வந்தாங்க. ஒரு படத்தைப் பாதியில விட்டுடக்கூடாதுன்னு கிழமை முழுக்க பெட்டரியைச் சிக்கனமா வைச்சிருந்த கதை இன்னும் நிறைய வீடுகள்ல இருக்கு. கேள்வி கேட்டவங்க பொருளை வேணாம்னு சொல்லல. தங்க வீட்டுக்கு ஏத்த மாதிரி அதை மாத்திக்கிட்டாங்க.

இன்டர்நெட் வந்தபோது அப்படி மாத்திக்க வழி இருக்கல. 1995இல் இலங்கையில் வர்த்தக ரீதியான இணைய சேவை தொடங்கியது. வீட்டில் அது வேணும்னா முதல்ல டெலிபோன் லைன் வேணும், அதுக்கே வருஷக்கணக்கில் காத்திருந்தவங்க உண்டு. பிறகு கம்பியூட்டர் வேணும். இணைப்பில் இருக்கிற ஒவ்வொரு நிமிஷத்துக்கும் டெலிபோன் பில் ஏறும். இதெல்லாம் இருந்தாலும் திரையில் வர்றது பெரும்பாலும் இங்கிலீஷ். வெளிநாட்டுக்கு ஒரு கோல் எடுக்கவே கொமியுனிகேஷன் கடைக்குப் போய் நின்ன காலம் அது. லயத்து வீட்டில் இன்டர்நெட் என்பது கற்பனைக்கும் எட்டாத விஷயம்.

இந்த இடத்தில்தான் கொத்மலை வருது. மஹாவலித் திட்டத்தில் கட்டின கொத்மலை அணை 1985இல் இயங்கத் தொடங்கியது. கிராமங்களும் வயல்களும் தண்ணிக்குள்ள போச்சு, ஆக்கள் இடம் மாறினாங்க. மஹாவலிப் பகுதி மக்களுக்கென்று உருவான சமூக வானொலிகளில் ஒன்றாக, 1989இல் கொத்மலை சமூக வானொலி தொடங்கியது. நடத்தியது இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம். சின்ன நிலையம். சுமார் 20 கிலோமீற்றர் சுற்றளவுதான் அதன் எல்லை. மலைகளைத் தாண்டி வத்தேகம வரைக்கும் வரக்கூடிய அலை இல்லை அது.

1998-99 காலத்தில் யுனெஸ்கோவின் முயற்சியில், அரசாங்கமும் ஒலிபரப்புக் கூட்டுத்தாபனமும் கொழும்புப் பல்கலைக்கழகமும் சேர்ந்து அந்த நிலையத்துக்கு இணைய இணைப்புக் கொடுத்தாங்க. வேகம் விநாடிக்கு 64 கிலோபிட். இன்றைக்கு ஒரு வாட்ஸ்அப் வீடியோ கூட அதில ஒழுங்கா இறங்காது. அந்த ஒரு இணைப்பைச் சுத்துவட்டாரம் முழுக்கப் பகிர்ந்துகொள்ள அவங்க பிடிச்ச வழிதான் விசேஷம். கேக்கிறவங்க தங்க கேள்வியைக் கடிதத்தில் எழுதி அனுப்புவாங்க, இல்லாட்டி டெலிபோனில் சொல்வாங்க. நிலையத்தில் இருக்கிறவங்க அதை இணையத்தில் தேடுவாங்க. கிடைத்த இங்கிலீஷ் தகவலை நேயர்களின் மொழிக்கு மாத்தி, நிகழ்ச்சியில் விளக்குவாங்க. நோய் பற்றின கேள்வின்னா ஒரு டாக்டரை ஸ்டூடியோவுக்குக் கூப்பிடுவாங்க, சட்டம் பற்றினதுன்னா சட்டம் தெரிஞ்சவரை. நேரா வந்து பார்க்க விரும்புறவங்களுக்காக கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களில் கம்பியூட்டரும் இணைப்பும் வைச்சாங்க. வானொலி வழியா இணையத்தில் உலாவுற இந்த முறையைப் பற்றி உலகத்தின் பல மூலைகளில் இருந்து ஆய்வாளர்கள் எழுதினாங்க.

யோசிச்சுப் பார்த்தா, அன்றைக்கு அந்தச் சுத்துவட்டாரத்தில் இணையத்தோட தொடர்புள்ள வீட்டுச் சாமான் ஒன்று இருந்தது. அது ஏற்கெனவே வாங்கி வைச்சிருந்த பழைய ரேடியோதான். கேள்வி தபால்ல போச்சு, பதில் காத்துல வந்துச்சு. புதுசா எதுவும் வாங்கத் தேவை இருக்கல. மாசக் கட்டணம் இல்லை. ரேடியோவுக்குப் பெட்டரி போட்டாப் போதும்.

அதே காலத்தில் அமெரிக்காவில் என்ன நடந்துச்சுன்னு பாருங்க. 2000ஆம் ஆண்டு ஒக்டோபரில் த்ரீகொம் நிறுவனம் 'ஓட்ரி' என்ற கருவியை வெளியிட்டது. குசினி மேசையில் வைச்சு, மின்னஞ்சலும் இணையமும் பார்க்கிறதுக்கான பெட்டி. விலை 499 டொலர். 2001 மார்ச்சில், அரை வருஷம் கூட ஆகல, நிறுவனம் அதைக் கைவிட்டது. 2016இல் இதைவிட மோசமான ஒன்று நடந்தது. வீட்டு விளக்கு, பூட்டு எல்லாத்தையும் இணையத்தால் கட்டுப்படுத்துற 'ரிவோல்வ்' என்ற கருவியை விற்ற நிறுவனத்தை, கூகுளுக்குச் சொந்தமான நெஸ்ட் ஏற்கெனவே வாங்கியிருந்தது. அந்த மே மாசம் நெஸ்ட் அதன் சேவையை நிறுத்தியது. காசு கொடுத்து வாங்கின கருவி, எந்தப் பழுதும் இல்லாமலே, வேலை செய்யாத பெட்டியாப் போச்சு. 'பழுதானா யாரு செய்வாங்க?' என்ற நம்ம கடைக் கேள்வியோட இன்னொன்றையும் சேர்த்துக் கேக்கணும்: கம்பனி இழுத்து மூடினா இது ஓடுமா?

கொத்மலையைச் சொர்க்கம் மாதிரி எழுதுறது எங்க நோக்கம் இல்லை. அந்த வானொலி அரசாங்க நிறுவனத்தின் கையில் இருந்தது. அதிகாரத்தில் இருக்கிறவங்களுக்குப் பிடிக்காத கேள்வியை எவ்வளவு தூரம் கேட்டிருக்க முடியும்? இணைப்புக்கான செலவைக் கிராமத்து ஆக்களால் தனியாச் சுமக்க முடியாது, வெளியில் இருந்து காசு வந்தால்தான் இப்படி ஒரு வேலை ஓடும். எங்களுக்கு நெருக்கமான குறையும் ஒன்று இருக்கு. அந்த வானொலியின் பிரதான மொழி சிங்களம். சுத்தியிருக்கிற மலைகளில் தமிழ் பேசுறவங்க எத்தனையோ தோட்டங்களில் இருக்காங்க. அவங்க கேள்விகளுக்கு அந்த மேசையில் கிடைச்ச இடம் சின்னது.

இன்னொரு விஷயமும் இருக்கு. வானொலிக்குக் கடிதம் எழுதினா, கேள்வி ஊருக்கே கேக்கும். ஒரு பொம்பளைப் பிள்ளை தன் உடம்பைப் பற்றி எழுதத் தயங்கியிருக்கலாம். கேட்ட எல்லாருக்கும் பதில் பயன்படும் என்பது அந்த முறையின் பலம், அந்தரங்கம் இல்லை என்பது அதன் பலவீனம். ஆனா யாரு கேட்டுக்கிட்டு இருக்காங்க என்பதாவது எல்லாருக்கும் தெரிஞ்சிருந்தது.

2005இல் அரசாங்கம் நெனசல நிலையங்களைத் தொடங்கியது, தமிழில் 'அறிவகம்'. 2006இல் டயலொக் 3ஜி சேவையைக் கொண்டு வந்தது. பிறகு போன் கைக்கு வந்துச்சு, இன்டர்நெட் கையோட வந்துச்சு. கடிதம் எழுதி ஒரு பதிலுக்குக் காத்திருந்த பழக்கம் போயிருச்சு. அது நல்லதுதான். இப்போ அடுத்த கட்டமா, பேச்சைக் கேட்டுப் பதில் சொல்ற ஸ்பீக்கர், வாசலைப் பார்க்கிற கெமரா, போனில் இருந்து போடுற விளக்கு எல்லாம் கண்டிக் கடைகளுக்கு வந்திருக்கு.

2014இல் அமேசோன் 'எக்கோ' ஸ்பீக்கரை அறிமுகப்படுத்தினப்போ அது கேள்விக்குப் பதில் சொல்ற பெட்டின்னு சொன்னாங்க. கொத்மலை வானொலி மேசை செஞ்ச வேலையைத்தான் அதுவும் செய்யுது: கேள்வியை வாங்குது, இணையத்தில் தேடுது, குரலில் சொல்லுது. வித்தியாசம் என்னன்னா நடுவில் இருக்கிறவங்க கண்ணுக்குத் தெரிய மாட்டாங்க. 2019இல் செய்திகள் வெளிவந்தன: அமேசோன், கூகுள் இரண்டும், குரல்களைக் கருவி சரியா விளங்கிக்கிறதா என்று பார்க்க, சில பதிவுகளை ஆக்களை வைச்சுக் கேக்க விட்டிருக்கு. வீட்டுக்குள் பேசினது தெரியாத ஒருத்தர் காதுக்குப் போயிருக்கு. இலங்கையில் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் 2022இலேயே நிறைவேறியது, ஆனா அது முழுசா நடைமுறைக்கு வர்றது தள்ளிப்போச்சு. அதனால, வாங்கும் முன்னால கேக்கிற கேள்விதான் இப்போதைக்கு நம்ம கையில இருக்கிற பாதுகாப்பு.

அந்தப் பட்டியல் ஒண்ணும் பெரிசு இல்லை. நூறு வருஷமா நம்ம வீட்டு ஆக்கள் கேட்டதுதான். கரண்ட் போனா ஓடுமா? வாங்கின பிறகும் கட்டணுமா? கம்பனி போனா இது என்ன ஆகும்? நான் பேசுறதை யாரு கேக்கிறாங்க, எங்க வைச்சுக்கிறாங்க? அதைக் கடைக்காரர்கிட்டக் கேக்க வெக்கப்படத் தேவையில்லை. 'இதெல்லாம் யாரு கேக்கிறாங்க' என்று அவர் சொன்னா, அம்மம்மா காலத்தில் இருந்து கேக்கிறோம்னு சொல்லலாம்.

கடைசிக் கேள்வி மொழி. 'தமிழ் விளங்கும்' என்று பெட்டியில் எழுதியிருந்தா அதோட நம்பிவிட வேண்டாம். நம்ம தமிழில் ஒருதரம் பேசிப் பாருங்க. தோட்டத்தில் 'இன்னைக்கு அரைப்பேருதான் போட்டாங்க' என்று சொன்னா, அரைநாள் சம்பளம்தான் கணக்கில் ஏறியிருக்குன்னு சின்னப்பிள்ளைக்கும் விளங்கும். யாருடைய பெயரைப் பாதியா எழுதினாங்கன்னு கருவி யோசிச்சா, நம்ம கேள்விக்கு வர்ற பதிலும் அரைப்பேருதான். கொத்மலையில் அந்த மேசைக்குப் பின்னால இருந்தவங்களுக்குத் தங்க ஊர்ப் பேச்சு தெரிஞ்சிருந்துச்சு. இப்போ அந்த இடத்தில் யாரு, எந்தத் தமிழ் தெரிஞ்சு உக்காந்திருக்காங்க என்பதைக் கேட்டுவிட்டுக் காசை எடுங்க.