இரண்டு கதவு, ஒரு பென்ஷன்

நண்பர்களே, போன பதிவு கொஞ்சம் ஜாலியாகப் போய்விட்டது. இந்தத் தடவை சரித்திரம். பயப்படாதீர்கள், சின்னதுதான் :)

உடம்பு முடியாமல் போனவருக்கு மாதாமாதம் பணம் தருவது என்பது நம் நாட்டில் ராணுவத்தில் இருந்து வந்த பழக்கம். மீர் ஜாபர் விட்டுப்போன 5 லட்சம் ரூபாயை வைத்து ராபர்ட் கிளைவ் 1770ல் ஒரு நிதி அமைத்தார். கம்பெனிப் படையில் உடல் நலிந்துபோன அதிகாரிகளுக்கும் சிப்பாய்களுக்கும் அதிலிருந்து பென்ஷன். (அந்த 5 லட்சம் அவர் கைக்கு வந்த கதை தனிப் பதிவுக்கான மேட்டர்.) சண்டை போட்டவனுக்குக் கூலி, அவ்வளவுதான். மயிலாப்பூரில் கண் தெரியாமல் உட்கார்ந்திருந்தவருக்கு அதில் ஒரு காசு கிடையாது.

1950ல் வந்த அரசியல் சட்டத்தின் 41வது பிரிவு முதுமை, நோய், உடல் இயலாமை ஆகியவற்றுக்கு அரசு உதவ வேண்டும் என்கிறது. ஆனால் 37வது பிரிவு, இதையெல்லாம் வைத்து கோர்ட்டுக்குப் போக முடியாது என்று சொல்லிவிடுகிறது!

தமிழ்நாட்டில் முதியோர் பென்ஷன் 1962 ஏப்ரலில் காமராஜர் ஆட்சியில் வந்தது. ஆதரவற்ற உடல் ஊனமுற்றோர் பென்ஷன் 1974 நவம்பரில், கருணாநிதி ஆட்சியில். மத்திய அரசு இதே மாதிரி ஒன்றைக் கொண்டு வந்தது 2009 பிப்ரவரியில். 34 வருஷம் லேட். அதுவும் 80 சதவீத ஊனம் இருந்தால்தான். 2012ல் அதை 300 ரூபாய் ஆக்கினார்கள்.

1974 திட்டத்தின் பெயரை இன்னொரு முறை படியுங்கள். முதல் சொல்லே 'ஆதரவற்ற'. ஊனம் இரண்டாவதுதான். அதனால்தான் இந்தப் பணம் இன்றைக்கும் வருவாய்த் துறை வழியாக வருகிறது. 2010ல் 'ஊனமுற்றோர்' என்ற சொல் போய் 'மாற்றுத்திறனாளிகள்' என்று ஆனது, தனித் துறையே வந்தது. ஆனால் இந்த பென்ஷன் கோப்பு தாலுகா ஆபீசை விட்டு நகரவில்லை. முடிவு செய்பவர் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியர்.

ஆக மனு தள்ளுபடி ஆனால் முதலில் கேட்க வேண்டியது, எந்தக் கதவு மூடியது என்பதுதான். டாக்டர்கள் சதவீதத்தைக் குறைத்துப் போட்டார்களா? அப்படியென்றால் 2016ம் வருஷ மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 59வது பிரிவு. சான்றிதழ் முடிவை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம், 2017 விதிகள் அதற்கு 90 நாள் தந்தன. அல்லது, சதவீதம் எல்லாம் சரி, 'உங்களுக்கு ஆதரவு இருக்கிறது' என்று தாலுகாவில் சொன்னார்களா? அப்போது போக வேண்டியது கோட்டாட்சியரிடம். டாக்டர் சர்டிபிகேட்டைத் தூக்கிக்கொண்டு அங்கே போய் நின்று பிரயோஜனம் இல்லை, அங்கே கேள்வி வருமானம் பற்றியது.

எங்கள் மந்தைவெளித் தெருவில் ஒரு தையல்காரர். போலியோ, ஒரு கால் வராது. கையில் சான்றிதழ் இருந்தும் மனு போய்விட்டது. காரணம், கல்யாணமாகி வேறு ஊரில் இருக்கும் மகன். அந்த மகன் பணம் அனுப்புகிறானா என்று யாரும் கேட்கவில்லை. அதைவிட மோசம், காரணத்தை வாயால்தான் சொன்னார்கள். தாள் இல்லாமல் எதை வைத்து மேல்முறையீடு? நானும் அவரும் உட்கார்ந்து தகவல் உரிமைச் சட்டத்தில் (2005) ஒரு மனு எழுதினோம். 10 ரூபாய் கட்டணம், 30 நாளில் பதில் தர வேண்டும். "எனக்கு பணம்கூட அப்புறம் தம்பி, ஏன் இல்லைன்னு எழுதிக் கொடுக்கச் சொல்லு" என்றார். பதில் வந்தது, ஒரே ஒரு வரி. அந்த ஒரு வரியை வைத்துத்தான் இப்போது கோட்டாட்சியருக்கு எழுதியிருக்கிறோம். மகன் தனிக் குடித்தனம் என்பதற்கு அவன் ரேஷன் கார்டு நகலும் இணைப்பு.

கடைசியாக, பி.காம் படிக்கிறவன் கணக்கு போடாமல் போனால் எப்படி? அதே 2016 சட்டம், 24வது பிரிவு. மற்றவர்களுக்கான அதே மாதிரித் திட்டத்தை விட மாற்றுத்திறனாளிகளுக்குக் குறைந்தது 25 சதவீதம் கூடுதலாகத் தர வேண்டும். 'அரசின் பொருளாதார சக்திக்கு உட்பட்டு' என்று முன்னாலேயே ஒரு பூட்டும் போட்டிருக்கிறார்கள். சட்டம் அமலுக்கு வந்தது 2017 ஏப்ரலில். அப்போது தமிழ்நாட்டில் முதியோருக்கும் 1000, இவர்களுக்கும் 1000. ஐந்தரை வருஷத்துக்கு மேல் அப்படியே ஓடியது. 2023 ஜனவரியில் இவர்களுக்கு 1500 ஆனது. சட்டம் கேட்டதற்கும் மேலே, 50 சதவீதம் கூடுதல்! அதே வருஷம் ஆகஸ்டில் முதியோர் பென்ஷன் 1200 ஆயிற்று. 1200க்கு 25 சதவீதம் 300. கூட்டினால் சரியாக 1500. ஒரு ரூபாய் கூட மிச்சம் இல்லை.