நவஹோ, சூனி வெள்ளி நகைக்கலை
அமெரிக்காவின் தென்மேற்குப் பழங்குடிகளின் கலை. வெள்ளி இங்கே புதுவரவு: மெக்சிகோக் கொல்லரிடம் இரும்புவேலை கற்ற அட்சிடி சானியே முதல் நவஹோ வெள்ளிக்கொல்லர் என்பது மரபு, சூனிகள் 1870களில் நவஹோக்களிடம் கற்றனர். ஆகவே இது இரவல் கலை, சுற்றுலாச் சந்தை அதையும் மலிவாக்கியது என்பாருண்டு. ஆனால் இரவல் பட்டறையோடு சரி. சூனிகளின் முன்னோரான சாக்கோ பள்ளத்தாக்கின் புவெப்லோ மக்கள் ஆயிரம் ஆண்டுகளுக்கு முன்பே டர்க்காய்ஸ் கல்லைத் துளைத்து மணி கோத்தவர்கள். கற்ற தொழில் ஒன்றே, போன வழிகள் இரண்டு என்பதுதான் இது வெறும் இரவல் அல்ல என்பதற்கு வலுவான சான்று: நவஹோ கைவினைஞர் எரிமலைச் சாம்பற்கல் அச்சில் வார்த்தும் முத்திரை உளியால் அடித்தும் வெள்ளியையே முன்னிறுத்துகிறார், சூனி கைவினைஞருக்கோ நுணுக்கமாகச் சீவிப் பதித்த கற்களே நகை, வெள்ளி வெறும் சட்டம். சந்தைக்கு மெல்லிய நகை செய்தது உண்மையே; கனத்தவற்றை நவஹோக்கள் தாமே அணிந்தனர், முடையில் வணிகரிடம் அடகும் வைத்தனர்.