சித்திரமும் வாக்குரிமையும்: ஊவாத் தோட்டங்களில் தேர்தற் சின்னம்

எழுத்தறியாதவனும் ஆட்சியில் பங்கு கொள்ளல் வேண்டுமாயின், எழுத்துச் செய்யும் பணியைச் சித்திரம் செய்தல் வேண்டும். இவ்வுண்மை இலங்கையில் சர்வசன வாக்குரிமை வந்த 1931ஆம் ஆண்டிலேயே உணரப்பட்டது. அரசாங்க சபைத் தேர்தல்களில் வேட்பாளர் ஒவ்வொருவருக்கும் ஒரு நிறம் வழங்கப்பட்டது; வாக்காளர் தாம் விரும்பியவரின் நிறமுடைய பெட்டியில் சீட்டை இட்டனர்.

நிறங்கள் சில, அவற்றின் சாயல்களோ எளிதில் மயக்கந் தருவன. ஆகவே 1947ஆம் ஆண்டுப் பொதுத் தேர்தலில் யானை, குடை, திறப்பு, விளக்கு, துவிச்சக்கரவண்டி முதலிய சின்னங்கள் இடம்பெற்றன. நல்ல சின்னத்திற்கு இலக்கணம் மூன்று எனலாம். சிறிய அளவில் கறுப்பு மையில் அச்சிடினும் அதன் வடிவம் தெளிவாய் விளங்கல் வேண்டும், பிறிதொன்றோடு மயங்கலாகாது, கண்டவர் நாவில் அதன் பெயர் உடனே தோன்றல் வேண்டும். இந்தியத் தேர்தல் ஆணையத்தின் ஓவியர் எம். எஸ். சேத்தி, 1992இல் ஓய்வு பெறும்வரை, அன்றாட வீட்டுப் பொருள்களையே சின்னங்களாக வரைந்தமைக்குக் காரணமும் இதுவே.

லயங்களில் வாழ்ந்து, கொழுந்து பறித்துக் காலங்கழித்த ஊவாத் தொழிலாளர் பலர் கையொப்பமிட அறியார். எனினும் 1947இல் பதுளைத் தொகுதியிலிருந்து இலங்கை இந்தியன் காங்கிரசைச் சேர்ந்த எஸ். எம். சுப்பையா பாராளுமன்றஞ் சென்றார். எழுத்தறியாமை அரசியலறிவுக்குத் தடையன்று என்பதற்கு அத்தேர்தல் சான்றாயிற்று.

ஆனால் அவ்வுரிமை நிலைக்கவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டமும், அதனை அடியொற்றிய 1949ஆம் ஆண்டுத் தேர்தற் சட்டத் திருத்தமும் தோட்டத் தமிழருள் மிகப் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பினின்று நீக்கின. 1952ஆம் ஆண்டுத் தேர்தலில் காங்கிரசுக்கு ஓர் ஆசனமும் கிட்டவில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் உரியராகப் பங்கிட்டது. நாடற்றோருக்குக் குடியுரிமை வழங்கும் சட்டங்கள் 1988இலும் 2003இலும் நிறைவேறிய பின்னரே அவ்வவலம் பெரிதும் தீர்ந்தது.

இன்று விகிதாசாரத் தேர்தலில் வாக்காளர் முதலிற் கட்சிச் சின்னத்திற்குப் புள்ளடியிட்டு, பின்னர் விருப்பு இலக்கங்களைக் குறிக்கின்றனர். சித்திரத்தின் பணி இன்னும் முடியவில்லை. சின்னம் எத்துணைத் தெளிவாக வரையப்படினும், அதனைத் தெரிவுசெய்யும் உரிமை இல்லாதவனுக்கு அது வெறும் கோடேயாம். ஊவாத் தோட்டங்களின் வரலாறு உணர்த்தும் பாடம் இதுவே.